தாடை வளர்ச்சியும் உறக்கச் சுவாசமும்

மேல்தாடை, கீழ்த்தாடை ஆகிய எலும்புகள் குழந்தைப் பருவத்தில் எவ்வளவு வளர்கின்றன, எத்திசையில் வளர்கின்றன என்பது, ஒருவர் உறங்கும்போது மூச்சு தடையின்றிச் செல்வதற்கான காரணிகளுள் ஒன்றாகும். தாடைகள் மூக்கின் தரையாகவும் வாயின் கூரையாகவும் நாக்கின் இருப்பிடமாகவும் அமைகின்றன. இவை சிறுத்தோ, பின்தள்ளியோ, குறுகியோ இருப்பின் நாக்குக்குப் பின்னாலுள்ள மூச்சுப்பாதையும் குறுகலாம். இதன் விளைவுகள் குறட்டை, வாய்வழிச் சுவாசம், ஸ்லீப் ஆப்னியா என மருத்துவமனைகளில் வழங்கும் உறக்க மூச்சடைப்பு ஆகியனவாக வெளிப்படுகின்றன.

உறக்க மூச்சடைப்பு பொதுவாகப் பருமனானவர்களின் நோயாகக் கருதப்படுகிறது. பருமன் முதன்மையான காரணிதான். எனினும் மெலிந்த உடல்வாகு கொண்டவர்களிடமும் சிறு குழந்தைகளிடமும் இந்நோய் காணப்படுவதற்குத் தாடையின் அமைப்பு ஒரு முக்கிய விளக்கமாகும்.

உடற்கூற்று அடிப்படை

மூக்கிலிருந்து நுரையீரல் வரை செல்லும் மூச்சுப்பாதையின் பெரும்பகுதி உறுதியான சுவர்களைக் கொண்டது. மூக்கறையைச் சுற்றி எலும்பும் குருத்தெலும்பும் உள்ளன. குரல்வளையும் மூச்சுக்குழாயும் குருத்தெலும்பால் தாங்கப்பட்டுள்ளன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய வளையம் ஏதும் இல்லை. மெல்லண்ணம், நாக்கு, பக்கச்சுவர்த் தசைகள் ஆகியவற்றால் ஆன மென்மையான குழாய் அது. பேசுவதற்கும் விழுங்குவதற்கும் இம்மென்மை தேவைப்படுகிறது. ஆனால் குழாய் உள்நோக்கி ஒடுங்குவதற்கும் இதுவே காரணமாகிறது.

இப்பகுதி திறந்திருப்பது அதைச் சூழ்ந்த எலும்புகளைப் பொறுத்தது. நாக்கை முன்னிழுக்கும் முதன்மைத் தசை, கீழ்த்தாடையின் முன்பகுதியில், மோவாயின் உட்புறத்திலிருந்து தொடங்குகிறது. நாவடி எலும்பு வேறு எந்த எலும்புடனும் மூட்டுச் சேராமல், தசைகளாலும் தசைநார்களாலும் தொங்குகிறது. அத்தசைகளுள் சில கீழ்த்தாடையிலிருந்து வருகின்றன. ஆகவே கீழ்த்தாடை முன்னே அமைந்தால் நாக்கும் நாவடி எலும்பும் முன்னே நிற்கும். கீழ்த்தாடை பின்னே அமைந்தால் அவையும் தொண்டையின் பின்சுவரை நெருங்கும்.

மேல்தாடையின் பங்கு மூக்கைச் சார்ந்தது. வாயின் கூரையாகிய அண்ணமே மூக்கறையின் தரையும் ஆகும். அண்ணம் குறுகி உயர்ந்து வளைந்திருந்தால் மூக்கறையின் அகலம் குறையலாம். நாக்கு மேலண்ணத்தில் பொருந்த இடமின்றிக் கீழும் பின்னும் தங்கவும் நேரலாம்.

இவ்வமைப்பை ஒரு பெட்டியாகவும் அதனுள் வைக்கப்பட்ட பொருளாகவும் கொண்டு விளக்குவர். தாடை எலும்புகள் பெட்டி. நாக்கு, மெல்லண்ணம், டான்சில் எனப்படும் அடிநாச்சதை, கொழுப்பு ஆகியன உள்ளிருக்கும் பொருள்கள். மூச்சு செல்லும் வழி என்பது இவை போக எஞ்சிய இடமாகும். பொருள் பெருகினாலும் இடம் குறையும். பெட்டி சிறுத்தாலும் இடம் குறையும். 2008-ஆம் ஆண்டு வெளியான ஒரு சப்பானிய ஆய்வில், தாடையின் அளவு ஒத்திருந்த ஆண்களை ஒப்பிட்டபோது, உறக்க மூச்சடைப்பு உள்ளவர்களின் நாக்கு மற்றவர்களின் நாக்கைவிடப் பெரிதாக இருந்தது கண்டறியப்பட்டது. பெட்டிக்கும் பொருளுக்கும் இடையிலான விகிதமே முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

உறக்கத்தில் நிகழ்வது

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் சற்றே இறுகிய நிலையில் இருந்து பாதையைத் திறந்து வைக்கின்றன. எனவே தாடை சிறியவரும் பகலில் இடர்ப்பாடின்றிச் சுவாசிப்பார். உறங்கும்போது இவ்விறுக்கம் தளர்கிறது. கனவுகள் மிகும் உறக்கக் கட்டத்தில் அது மேலும் தளர்கிறது. மல்லாந்து படுத்தால் புவியீர்ப்பும் நாக்கைப் பின்னே தள்ளுகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது தொண்டைக்குள் ஏற்படும் குறையழுத்தம் தளர்ந்த சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது.

சீராக ஓடும் பாய்மத்துக்குக் குழாய் தரும் தடை, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பது பாய்ம இயற்பியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அதன்படி ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். தொண்டை சீரான குழாய் அன்று என்பதால் இக்கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் சில மில்லிமீட்டர் வேறுபாடு ஏன் பெரிய விளைவைத் தருகிறது என்பதை உணர இது உதவும்.

பாதை ஓரளவு குறுகும்போது சுவர்கள் அதிர்ந்து குறட்டை ஒலி எழுகிறது. முற்றிலும் மூடிக்கொண்டால், மார்பும் வயிறும் அசைந்தபோதும் காற்று உள்ளே செல்வதில்லை. வயது வந்தோரிடம் இந்நிலை 10 நொடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் ஒரு மூச்சடைப்பு நிகழ்வாகக் கணக்கிடப்படுகிறது. குருதியின் ஆக்சிசன் அளவு குறைகிறது; மூளை உறக்கத்தைக் கலைத்துத் தசைகளை இறுக்குகிறது; பெரும் ஒலியுடன் மூச்சு மீள்கிறது. உறங்குபவர் பெரும்பாலும் இதனை அறிவதில்லை. ஒரே இரவில் இது பல நூறு முறை நிகழக்கூடும். படுக்கையில் எட்டு மணிநேரம் கிடந்தும் களைப்புடன் எழுவதற்கு இவ்வாறு உறக்கம் துண்டுபடுவதே காரணமாகும்.

ஒவ்வொரு தடைக்குப் பின்னும் இதயத்துடிப்பும் குருதி அழுத்தமும் உயர்கின்றன. கவனிக்கப்படாத உறக்க மூச்சடைப்பு, உயர் குருதி அழுத்தம், பக்கவாதம், இதயத்துடிப்புச் சீர்கேடு, நீரிழிவு, வாகனம் ஓட்டும்போது கண்ணயர்தல் ஆகியவற்றுடன் தொடர்புடையது.

தாடை வளரும் காலம்

கருவின் நான்காம் வாரத்தில் தோன்றும் முதலாம் தொண்டை வளைவிலிருந்து தாடைகள் உருவாகின்றன. பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை இயல்பாகவே சிறியது; சற்றே பின்தள்ளியும் இருக்கும். குழந்தையின் குரல்வளை உயரத்தில் அமைந்திருப்பதால், மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டே பால் குடிக்க இயலுகிறது. வளர வளரக் குரல்வளை கீழிறங்குகிறது; மென்மையான தொண்டைப் பகுதி நீள்கிறது.

மண்டையோடு சுமார் 6 வயதுக்குள் தன் முழு அளவின் பெரும்பகுதியை எட்டிவிடுகிறது. முகம் அதன் பின்னரும் வளர்கிறது. மேல்தாடையின் இரு பாதிகளும் அண்ணத்தின் நடுவில் ஒரு பொருத்துவாயால் இணைந்துள்ளன. குழந்தைப் பருவத்தில் இளக்கமாக உள்ள இப்பொருத்துவாய் பதின்ம வயதில் படிப்படியாக இறுகுகிறது. கீழ்த்தாடை காதருகே உள்ள மூட்டு முனையை முக்கிய வளர்ச்சியிடமாகக் கொண்டது. பூப்புக் காலத்தில் அது விரைந்து வளர்ந்து, பெண்களிடம் முன்னதாகவும் ஆண்களிடம் சில ஆண்டுகள் பிந்தியும் நிறைவுறுகிறது.

இக்கால அளவுகளுக்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டு. வளர்ச்சிக் காலத்தில் எளிய கருவிகளால் மாற்றக்கூடிய சில குறைகளை, எலும்பு முதிர்ந்த பின் அறுவை மருத்துவத்தால் மட்டுமே மாற்ற முடியும்.

வளர்ச்சி குன்றும் நிலைகள்

தாடைக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பு மிகத் தெளிவாக விளங்குவது, தாடை வளர்ச்சி கடுமையாகக் குன்றிய நிலைகளில் ஆகும்.

- பியர் ராபின் நிலை: பிரான்சு நாட்டு வாய் மருத்துவர் பியர் ராபின் 1923-இல் விவரித்த நிலை இது. கீழ்த்தாடை மிகச் சிறுத்துப் பிறக்கும் குழந்தையின் நாக்கு பின்சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கிறது. பலருக்கு அண்ணப் பிளவும் உண்டு. சுமார் 8,500 முதல் 14,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது. மருத்துவக் கண்காணிப்பில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தல் முதல் மருத்துவமாகும். கடுமையான நிலையில் அறுவை மருத்துவம் தேவைப்படும்.

- தாடை மூட்டு இறுக்கம்: சிறு வயதில் மோவாய் தரையில் அடிபட விழுதல், காதில் ஏற்பட்ட சீழ்நோய் பரவுதல் முதலியவற்றால் தாடை மூட்டு எலும்பாக ஒட்டிக்கொள்வதுண்டு. வாய் திறப்பது குறைவதோடு, வளர்ச்சியிடம் பாதிக்கப்படுவதால் கீழ்த்தாடையும் வளராது நின்றுவிடுகிறது. மோவாய் பின்வாங்கிப் பறவை முகம் எனப்படும் தோற்றம் ஏற்படுகிறது. இக்குழந்தைகளுக்குக் கடுமையான உறக்க மூச்சடைப்பு உண்டாகலாம். குழந்தை விழுந்து மோவாயில் அடிபட்ட பின் வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்தால், காயம் ஆறிவிட்டது என்று விட்டுவிடாது உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

- உதடு, அண்ணப் பிளவு: பிளவை மூடும் அறுவைக்குப் பின் ஏற்படும் தழும்பு, சிலரிடம் மேல்தாடையின் வளர்ச்சியைக் குறைக்கிறது. முகத்தின் நடுப்பகுதி உட்குழிந்து மூக்குப்பாதை குறுகலாம்.

வளராத கீழ்த்தாடையை நீட்டுவதற்கு, எலும்பை வெட்டி இரு பகுதிகளையும் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல விலக்கும் முறை பயன்படுகிறது. இடைவெளியில் புதிய எலும்பு உருவாகிறது. உருசிய மருத்துவர் இலிசாரோவ் கை, கால் எலும்புகளுக்கு வகுத்த இம்முறையை, அமெரிக்காவைச் சேர்ந்த மெக்கார்த்தி குழுவினர் மனிதக் கீழ்த்தாடைக்குப் பயன்படுத்தி 1992-இல் வெளியிட்டனர். தாடை முன்னே வந்ததும் மூச்சடைப்பு குறைவது, தாடைக்கும் மூச்சுக்குமான தொடர்புக்கு வலுவான சான்றாகும்.

மூக்கடைப்பும் வாய்வழிச் சுவாசமும்

தாடை மூச்சைப் பாதிப்பது போலவே மூச்சுவிடும் முறையும் தாடையைப் பாதிக்கக்கூடும். மூக்கின் பின்புறம் அமைந்த அடினாய்டு சதை பெருத்த குழந்தை வாயால் மூச்சுவிடுகிறது. வாய் எப்போதும் திறந்திருக்க, கீழ்த்தாடை கீழிறங்கியும் நாக்கு அண்ணத்தை விட்டு விலகியும் நிற்கின்றன. நாக்கின் தாங்குதல் இல்லாத மேல்தாடை, கன்னத் தசைகளின் அழுத்தத்தால் குறுகுவதாக விளக்கப்படுகிறது. முகம் நீண்டு, உதடு மூடாது, மேற்பற்கள் முந்தித் தெரியும் இத்தோற்றம் அடினாய்டு முகம் எனப்படுகிறது.

சுவீடனின் லிண்டர்-ஆரன்சன் 1970-இல் வெளியிட்ட ஆய்வு, அடினாய்டு பெருத்த குழந்தைகளின் முக அமைப்பில் இவ்வேறுபாடுகளை அளந்து காட்டியது. அடுத்த ஆண்டுகளில் எகில் ஆர்வோல்டு என்பவர் ரீசசுக் குரங்குகளின் மூக்குத் துளைகளை அடைத்து ஆய்வு செய்தார். அவற்றின் தாடையிலும் பல்வரிசையிலும் மாற்றங்கள் தோன்றின. ஆனால் எல்லாக் குரங்குகளிலும் ஒரேவகை மாற்றம் ஏற்படவில்லை. ஒவ்வொன்றும் வாயால் மூச்சுவிட மேற்கொண்ட முறைக்கேற்ப அது வேறுபட்டது. மேலும், மூக்கை முழுவதும் அடைத்த சோதனை, ஒவ்வாமையால் மூக்கடைத்த ஒரு குழந்தையின் நிலைக்கு நேரடியாக ஒப்பாகாது. வாய்வழிச் சுவாசம் மரபு முதலிய பிறவற்றோடு சேர்ந்து செயல்படும் ஒரு காரணியாகவே கொள்ளப்படுகிறது.

உணவும் தாடையும்

மெல்லும் விசை தாடை வளர்ச்சியைத் தூண்டும் என்ற கருத்து மானிடவியலாளரிடையே நெடுநாளாக உள்ளது. 2011-இல் நொரீன் வான் கிராமன்-டவுபாடல் வெளியிட்ட ஒப்பீட்டில், வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழ்ந்த மக்களின் கீழ்த்தாடை வடிவம் வேளாண் மக்களின் தாடை வடிவத்திலிருந்து வேறுபட்டது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐராக்ஸ் என்னும் முயல் அளவிலான பாலூட்டிகளுள் சிலவற்றுக்கு வேகவைத்த மென்மையான உணவும் சிலவற்றுக்குக் கடினமான உணவும் தரப்பட்டன. மென்மையான உணவு உண்டவற்றின் முகத்தில் கீழ்ப்பகுதியும் பின்பகுதியும் சுமார் 10 விழுக்காடு குறைவாக வளர்ந்தன.

இந்தியாவில் இக்கேள்வியை ஆராய்ந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் இராபர்ட் கோருச்சினி. அவரும் இந்திய ஆய்வாளர்களும் வட இந்தியாவில் நடத்தி 1983-இல் வெளியிட்ட ஆய்வு, பஞ்சாபிய இளைஞரிடையே நகர்ப்புறத்தாருக்குக் கிராமத்தாரைவிடப் பல்வரிசைக் குறைகள் மிகுந்திருந்ததாகக் கூறியது. ஒரே மரபைச் சேர்ந்த இரு பிரிவினரிடம் இவ்வேறுபாடு காணப்பட்டதால், நகரத்தின் மென்மையான உணவு காரணமாகலாம் என்று அவர் கருதினார்.

தாடையில் இடம் போதாமல் தெற்றுப்பல் முளைப்பதும், ஞானப்பல் வெளிவர இடமின்றிச் சிக்கிக்கொள்வதும் இக்கருத்துடன் சேர்த்துப் பேசப்படுகின்றன. ஆயினும் உணவிலிருந்து தாடைக்கும், தாடையிலிருந்து உறக்க மூச்சடைப்புக்கும் செல்லும் முழுத் தொடரும் மனிதரிடம் நேரடிச் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டதன்று. குழந்தைகள் வயதுக்கேற்ற கடினமான உணவை மெல்லப் பழகுவது பொதுவாக நல்லதே. வளர்ச்சி முடிந்த ஒருவர் கரும்பு கடிப்பதால் தாடை எலும்பு அகலப்போவதில்லை.

மெலிந்தோரிடம் மூச்சடைப்பு

2019-இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீடு, 30 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் சுமார் 93.6 கோடிப் பேருக்கு உறக்க மூச்சடைப்பு இருக்கலாம் எனக் கணக்கிட்டது. இந்தியாவில், மும்பையைச் சேர்ந்த 35 முதல் 65 வயது ஆண்களிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், 19.5 விழுக்காட்டினருக்கு உறக்கச் சுவாசக் கோளாறும், 7.5 விழுக்காட்டினருக்குப் பகல்நேரத் தூக்கக்கலக்கத்துடன் கூடிய கோளாறும் இருந்தன.

கிழக்காசிய நோயாளிகளையும் ஐரோப்பிய வழியினரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நோயின் கடுமை ஒத்திருந்தபோதும் ஆசியரின் உடற்பருமன் குறைவாக இருந்தது. தாடை மற்றும் மண்டையோட்டு அடித்தளத்தின் அமைப்பு இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. தெற்காசியரிடம் மற்றொரு காரணியும் சேர்கிறது. ஒரே உயரமும் எடையும் உடைய ஐரோப்பியரைவிட இந்தியருக்கு உடற்கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக் கொழுப்பு, கூடுதலாக உள்ளது. ஆகவே ஒல்லியாகத் தோன்றுபவருக்கு இந்நோய் வராது என்று கருத இயலாது.

கோபாலபுரம் ஆய்வு

சென்னை கோபாலபுரத்தில், நீரிழிவு மருத்துவர் வி. மோகன், கண் மருத்துவர் எம். ரெமா ஆகியோர் 1991-இல் நீரிழிவு மருத்துவ மையம் ஒன்றைத் தொடங்கினர். அதனைச் சார்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 1996-இல் உருவானது. இந்நிறுவனம் 2001-இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற கிராமப்புற நோய்ப்பரவல் ஆய்வு, மாநகரின் அன்றைய 155 வட்டங்களுள் 46 வட்டங்களிலிருந்து 20 வயதும் அதற்கு மேலும் ஆன 26,001 பேரைத் தேர்ந்தெடுத்தது.

இவர்களுள் 358 பேரிடம் உறக்கம் பற்றிய வினாத்தாள் வழியே செய்திகள் திரட்டப்பட்டன. 2010-இல் வெளியான முடிவுகளின்படி, 40 விழுக்காட்டினரிடம் குறட்டையும் 59 விழுக்காட்டினரிடம் பகல்நேரத் தூக்கக்கலக்கமும் இருந்தன. இவை இரண்டும் குருதிச் சர்க்கரைக் கோளாறு, வளர்சிதைமாற்றக் கோளாறுத் தொகுதி ஆகியவற்றுடன் தொடர்புற்றிருந்தன.

குறட்டைக்குத் தாடை எவ்வளவு காரணம், கொழுப்பு எவ்வளவு காரணம் என்று பிரித்தறிவது இவ்வாய்வின் நோக்கமன்று. குறட்டை விடும் அனைவருக்கும் மூச்சடைப்பு நோய் இருப்பதாகவும் இதற்குப் பொருளில்லை. ஆயினும் ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவும் நகைப்புக்குரியதாகவும் வீடுகளில் கருதப்படும் குறட்டை, நீரிழிவு மிகுந்த நகரமொன்றில் உடல்நலக் குறிப்பாகக் கொள்ளத்தக்கது என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது. குறட்டை விடுபவரின் எடையையும் குருதிச் சர்க்கரையையும் பார்ப்பதோடு, தாடை, அண்ணம், மூக்கு ஆகியவற்றையும் சேர்த்து நோக்குவது காரணத்தை அறிய உதவும்.

அறிகுறிகள்

குழந்தைகளிடம்:

- பெரும்பாலான இரவுகளில் குறட்டை. வாய் பிளந்து உறங்குதல்
- கழுத்தை மிகவும் பின்னே வளைத்தோ குப்புறக் கவிழ்ந்தோ உறங்குதல்
- உறக்கத்தில் மிகுதியாக வியர்த்தல், புரண்டுகொண்டே இருத்தல்
- நெடுநாள் நின்றிருந்த பின் மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழித்தல்
- பகலில் கவனக்குறைவு, எரிச்சல், அடங்காத் துறுதுறுப்பு
- வளர்ச்சி பின்தங்குதல்

களைத்த குழந்தை தூங்கி வழிவதைவிடத் துறுதுறுப்பாக இருப்பதே மிகுதி என்பதால், இந்நோய் குறும்பு என்றோ படிப்பில் ஆர்வமின்மை என்றோ தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. வளர்ச்சி இயக்குநீர் ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதியாகச் சுரப்பதால், உறக்கம் கெடுவது உடல் வளர்ச்சியையும் பாதிக்கலாம்.

வயது வந்தோரிடம்:

- உரத்த குறட்டை. இடையே மூச்சு நின்று, திணறி மீள்வதை அருகில் உறங்குபவர் காணுதல்
- காலையில் தலைவலி, வாய் உலர்தல்
- பகலில் அமர்ந்த இடத்திலேயே கண்ணயர்தல்
- மருந்துகளுக்கு எளிதில் அடங்காத உயர் குருதி அழுத்தம்

கண்டறிதல்

உறுதியான கண்டறிதலுக்கு இரவு முழுவதும் மூளையலை, மூச்சோட்டம், மார்பசைவு, ஆக்சிசன் அளவு முதலியவற்றைப் பதிவுசெய்யும் உறக்கச் சோதனை தேவை. ஒரு மணிநேரத்தில் நிகழும் முழு அடைப்புகளும் பகுதி அடைப்புகளும் கூட்டப்பட்டு ஒரு குறியீட்டெண் பெறப்படுகிறது. வயது வந்தோரிடம் இது 5 முதல் 15-க்குள் இருந்தால் இலேசானது, 15 முதல் 30-க்குள் இருந்தால் நடுத்தரமானது, 30-உம் அதற்கு மேலும் ஆனால் கடுமையானது எனப் பகுக்கப்படுகிறது. குழந்தைகளிடம் 1 என்ற அளவே இயல்பு மீறியதாகக் கொள்ளப்படுகிறது.

தாடையின் அளவை அறிய, 1931 முதல் பயன்பாட்டில் உள்ள பக்கவாட்டுத் தலை எக்சுகதிர்ப் படம் உதவுகிறது. வாயைத் திறந்து நாக்கை நீட்டும்போது உள்நாக்கும் மெல்லண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்பதைக் கொண்டு நான்கு வகுப்புகளாகப் பிரிக்கும் எளிய முறையும் உண்டு. இதற்கு அடிப்படையான வகைப்பாட்டை, ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் சேசகிரி மல்லம்பட்டி 1985-இல் வெளியிட்டார். மயக்க மருந்து தரும்போது மூச்சுக்குழாயில் குழல் செலுத்துவதன் கடினத்தை முன்னறிய உருவான இம்முறை, பின்னர் உறக்க மருத்துவத்திலும் பயன்படலாயிற்று. எக்சுகதிர்ப் படமோ வாய்ச் சோதனையோ விழித்திருக்கும் நிலையைக் காட்டுவன. அவற்றை மட்டும் கொண்டு உறக்க மூச்சடைப்பை உறுதிசெய்ய இயலாது.

மருத்துவம்

மருத்துவ முறைகளைப் பெட்டியைப் பெரிதாக்குவன, உள்ளிருப்பதைக் குறைப்பன, பாதையைத் திறந்து வைப்பன என மூவகையாகக் கொள்ளலாம்.

குழந்தைகளிடம் பெருத்த அடிநாச்சதையையும் அடினாய்டையும் அகற்றுவதே பெரும்பாலும் முதல் மருத்துவமாகும். 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான சோதனையில், அறுவை செய்யப்பட்டவருள் 79 விழுக்காட்டினருக்கு உறக்கச் சோதனை இயல்புநிலையை எட்டியது. அறுவையின்றிக் கவனித்து வரப்பட்டவருள்ளும் 46 விழுக்காட்டினர் இயல்புநிலையை எட்டினர். எனவே இலேசான நிலையில் காத்திருந்து பார்ப்பதும் ஏற்கத்தக்க வழியாகும்.

அண்ணம் குறுகிய குழந்தைகளுக்குப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் மேல்தாடை அகலப்படுத்தும் கருவியைப் பொருத்துகின்றனர். திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்ப, நடுப் பொருத்துவாய் விரிந்து மூக்கின் தரையும் அகல்கிறது. 1860-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்செல் முதலில் விவரித்த இம்முறை, தக்க குழந்தைகளிடம் மூச்சடைப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அண்ணம் குறுகாத குழந்தைக்கு இது பொருத்தமன்று.

வயது வந்தோருக்குப் பின்வரும் முறைகள் பயன்படுகின்றன:

- உடல் எடையைக் குறைத்தல், பக்கவாட்டில் படுத்தல், மதுவைத் தவிர்த்தல். பருமனுடன் கூடிய நடுத்தர, கடுமையான மூச்சடைப்புக்கு டிர்செபடைடு என்னும் மருந்தை அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 திசம்பரில் ஏற்றது.
- முகமூடி வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சீபேப் கருவி. ஆசுத்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்ட இம்முறையே இன்றும் முதன்மை மருத்துவமாகும்.
- இரவில் அணியும் வாய்க்கருவி. இது கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்துகிறது. பியர் ராபின் 1902-இலேயே இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார்.
- இரு தாடைகளையும் வெட்டி முன்னே நகர்த்திப் பொருத்தும் அறுவை. ஆய்வுத் தொகுப்புகளில் சுமார் 85 விழுக்காட்டினரிடம் குறியீட்டெண் பாதிக்கும் மேல் குறைந்து, 20-க்குக் கீழ் வந்தது. இது பெரிய அறுவை என்பதால் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கே செய்யப்படுகிறது.

தமிழ்நாட்டில் பல் மருத்துவக் கல்லூரிகளின் பல் சீரமைப்புத் துறைகளும் வாய், முகத்தாடை அறுவைத் துறைகளும் தாடைக் குறைகளுக்கு மருத்துவம் செய்கின்றன. 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இவற்றுள் மூத்ததாகும். தாடை, தொண்டை, நுரையீரல், உறக்கம் ஆகிய துறைகள் கூடிச் செயல்படுவது இந்நோய்க்குத் தேவைப்படுகிறது.

நிறுவப்படாத கூற்றுகள்

நாக்கை எப்போதும் மேலண்ணத்தில் அழுத்தி வைத்தால் தாடை முன்வளரும் என்ற கருத்தை இங்கிலாந்தின் ஜான் மியூ பரப்பினார். பின்னாளில் இது இணையக் காணொளிகள் வழியே இளைஞரிடையே பரவியது. வயது வந்தோரின் தாடை எலும்பை இது மாற்றும் என்பதற்கோ உறக்க மூச்சடைப்பைத் தீர்க்கும் என்பதற்கோ தகுந்த சோதனைச் சான்று இல்லை.

பல் சீரமைப்பின்போது முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்குவதால் வாய் சுருங்கி மூச்சடைப்பு உண்டாகிறது என்ற அச்சமும் உள்ளது. சுமார் 5,500 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையும் இதே முடிவைத் தெரிவித்தது.

உறங்கும்போது வாயை ஒட்டுநாடாவால் மூடும் பழக்கம், மூக்கடைப்பு உள்ளவர்களுக்குத் தீங்காகலாம். குழந்தைகளுக்கு இதனைச் செய்தல் கூடாது. வாய் திறந்திருப்பதற்கான காரணத்தை அறிந்து நீக்குவதே முறையாகும்.

சிறிய மோவாயோ தெற்றுப்பல்லோ உள்ள அனைவருக்கும் உறக்க மூச்சடைப்பு வருவதில்லை. தாடை எல்லை வகுக்கிறது. அதனுள் எடை, வயது, தசைகளின் செயல், மூக்கின் நிலை, மூளை மூச்சைக் கட்டுப்படுத்தும் திறன் ஆகியன சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கின்றன. அவ்வெல்லையை அறுவையின்றி ஓரளவு மாற்றக்கூடிய காலம் குழந்தைப் பருவமே ஆகும். ஆகவே இரவுதோறும் குறட்டை விட்டு வாய் பிளந்து உறங்கும் குழந்தையைக் குழந்தை மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டுவது பயனுடையது.